டாக்டர் விட்லாக்கின் வேலி

நார்டால் ஊரின் கோதுமை நோய் ஆய்வகத்தில் மார்லிஸ் ட்வைட் வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் ஐந்து தலைவர்களைப் பார்த்துவிட்டாள். முதல் நான்கு பேரும் வயலில் இறங்கிப் பழகியவர்கள். ஐந்தாவதாக வந்த டாக்டர் பிரெஸ்டன் விட்லாக் கணக்கும் கணினியும் படித்து, அந்த வழியாகப் பூஞ்சைக்கு வந்து சேர்ந்தவர். கோதுமைத் தண்டைத் துருப்பிடிக்க வைக்கும் பூஞ்சையின் மரபணுத் தொகுதி ஏறக்குறைய ஒன்பது கோடி எழுத்து நீளம். எந்த இடத்தில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று கேட்டால் அவர் தூக்கத்திலும் சொல்வார். ஆனால் கோதுமையையும் பார்லியையும் பக்கம் பக்கமாக நட்டு வைத்து எது எது என்று கேட்டால் மட்டும், சரியாக அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு போன் வந்துவிடும்.

மார்லிஸின் வேலை வேறு மாதிரி. ஜூலை பிறந்ததும் ஆய்வகத்தின் பழைய வேனை எடுத்துக்கொண்டு மண் ரோடுகளில் சுற்றுவாள். துரு விழுந்த தண்டு கண்ணில் பட்டால் வெட்டிக் காகித உறையில் போட்டு எண் எழுதுவாள். கண்ணாடிக் கூடத்தில் நாற்றுகள் வளர்த்து, அந்தத் துருவை அவற்றின்மேல் ஏற்றி, பெருகும் தூளைச் சேகரித்து மரபணு படிக்கும் இயந்திரத்துக்கு அனுப்புவாள். அறுவடை முடியும்வரை அவள் சட்டைக் கை செங்கல் சூளையில் வேலை செய்தவளுடையது போலவே இருக்கும். இயந்திரம் கக்கும் எழுத்துகளை விட்லாக் வாசிப்பார். கட்டுரை அவர் பெயரில் வரும். இதில் மார்லிஸுக்குப் பெரிய மனக்குறை ஒன்றும் இருந்ததில்லை. அவளுக்குத் துருவைப் பிடிக்கும். கட்டுரை பிடிக்காது.

அந்தப் பக்கத்துத் துரு வழக்கமாகத் தெற்கேயிருந்து காற்றில் வரும். டெக்சாஸில் கிளம்பி, மாநிலம் மாநிலமாகத் தங்கிப் பெருகி, நார்டாலுக்கு வந்து சேர்வதற்குள் கோதுமை பாதி முற்றியிருக்கும். வருவதெல்லாம் ஒரே அச்சில் அடித்தவை போல ஒன்றாகவே இருக்கும். ஆனால் அந்த வருஷம் துரு மூன்று வாரம் முந்தி வந்தது. வெண்டலின் ஷாட்ஸ் என்பவருடைய வயலில் மூன்றில் ஒரு பங்கு கதிர் பால் பிடிக்காமல் சுருங்கிப் போயிற்று. குளிர்காலத்தில் மாதிரிகளை இயந்திரத்தில் ஏற்றியபோது விட்லாக்கே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நூற்றெண்பது மாதிரி. எல்லாம் நார்டாலைச் சுற்றிப் பன்னிரண்டு மைலுக்குள் எடுத்தவை. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. கோதுமையில் இருக்கும்வரை இந்தப் பூஞ்சை தன்னைத்தானே நகல் எடுத்துக்கொண்டு காலம் தள்ளும். கல்யாணம் காட்சி எல்லாம் பார்பெரி என்ற முள் செடியின்மேல்தான். அங்கே கலந்தால்தான் விதவிதமாகப் பிள்ளைகள் பிறக்கும். நூறு வருஷத்துக்கு முன் அரசாங்கம் ஆள் அனுப்பி, வீடு வீடாகப் பார்பெரியைத் தோண்டி எடுத்துக் குழியில் உப்பைக் கொட்டி ஒழித்திருந்தது. ஒழிந்தது என்றுதான் ஊரும் நினைத்திருந்தது. இப்போது எங்கோ ஒன்று உயிரோடு இருக்கிறது.

விட்லாக்குக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்தால், நோய் வந்தது கோதுமைக்கு என்பதே மறந்துவிடும். வரைபடம் போட்டார், வண்ணம் தீட்டினார், நான்கு கூட்டங்களில் பேசினார். செடி எங்கே இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. விவசாயிகள் காற்றுத் தடுப்புக்காக வளர்க்கும் மரவரிசைகளில்தான் இருக்கும். நட்டதை நட்டபடி விட்டுவிட்டு எட்டிக்கூடப் பார்க்காத ஜனங்கள். மார்ச் மாதம் எல்லாப் பண்ணைக்கும் ஒரு கடிதம் போயிற்று. 'தங்கள் கவனக்குறைவு ஒரு தேசத்தின் ரொட்டியை ஆபத்துக்குள்ளாக்குகிறது' என்று அதில் ஒரு வரி இருந்தது. நார்டால் காபிக் கடையில் அந்த வரியை ஆளாளுக்கு உரக்க வாசித்தார்கள். ரொட்டியில் கைவைக்கும்போதெல்லாம் ஒருவரையொருவர் "தேசத்தைக் கேட்டுட்டு எடு" என்று சீண்டிக்கொண்டார்கள்.

மே மாதம் தேடும் படை வந்தது. பல்கலைக்கழகத்து மாணவர்கள் ஆறு பேர். ஆளுக்கொரு மண்வெட்டி, செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் ஆப் ஒன்று. நாற்பது பண்ணைகளில் தேடிவிட்டு, வெண்டலின் வீட்டில் இல்லாத ஒரு மத்தியானம் அவருடைய மரவரிசை ஓரத்தில் இருந்த இருபத்திரண்டு செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை வெண்டலின் ஆய்வகத்துக்கு வந்தார். எழுபது வயது, ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். பிடுங்கின செடியில் ஒன்றை மண்ணோடு தூக்கி வந்து விட்லாக்கின் அறைக் கம்பளத்தில் வைத்தார். அப்போது மார்லிஸ் மாதிரிப் பட்டியலில் கையெழுத்து வாங்க அங்கே நின்றிருந்தாள்.

"டாக்டரே, இது என்ன செடி?"

விட்லாக் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தார். "முள் இருக்கு. இலை ஓரம் பல்லு பல்லா இருக்கு. ஆப் எழுபத்தெட்டு சதவீதம் பார்பெரின்னு சொல்லியிருக்கு."

"மிச்ச இருபத்திரண்டு சதவீதம் கூஸ்பெரி. எங்க சர்ச்சுல பழப் பலகாரம் சுடுறது இதுலதான்."

விட்லாக் தலையை மார்லிஸ் பக்கம் திருப்பினார். அவள், ஆமாம், கூஸ்பெரிதான், பார்பெரிக்கும் இதற்கும் இலையிலேயே வித்தியாசம் தெரியும் என்றாள். அதற்கு அவர், பெரிய காரியத்தில் சின்னப் பிழைகள் வருவது சகஜம், இழப்பீடு கேட்க ஒரு படிவம் இருக்கிறது, நிரப்பிக் கொடுங்கள் என்றார். வெண்டலின் படிவத்தை வாங்கி நின்றபடியே படித்தார். பிடுங்கப்பட்ட செடி கூஸ்பெரிதான் என்பதற்கு மரபணுச் சான்று இணைக்க வேண்டும் என்று ஆறாவது பத்தியில் போட்டிருந்தது. அவர் "அப்படியா" என்றார். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செடியைத் தூக்கினார். உதிர்ந்த மண்ணைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போனார்.

ஜூன் மாதம் விட்லாக் தன் வீட்டுத் தோட்டத்தில் வருஷாந்திர விருந்து வைத்தார். நன்கொடை கொடுப்பவர்கள், கோதுமைச் சங்கத்துக்காரர்கள், பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் எல்லோரும் வந்தார்கள். மடக்கு நாற்காலி விரிக்க ஆள் வேண்டும் என்பதால் ஆய்வக ஊழியர்களுக்கும் அழைப்பு உண்டு. மார்லிஸ் ருபார்ப் கேக் ஒரு தட்டு சுட்டு எடுத்துப் போனாள். வீடு ஊர்க் கோடியில், புதிதாகப் போட்ட தெருவில் கடைசி வீடு. வடக்குப் பக்கம் இடுப்பளவு உயரத்தில், பெட்டி மாதிரி நறுக்கென்று வெட்டிவிட்ட செடிவேலி. அதற்கு அந்தப் பக்கம் வெண்டலினின் கோதுமை.

விட்லாக்கின் மனைவி செலெஸ்ட் நல்ல மாதிரி. ஊழியர்களையும் உட்காரச் சொல்லி, பிஸ்கட்டின்மேல் சீஸும் சிவப்பாக ஒரு ஜெல்லியும் தடவிக் கொடுத்தாள். புளிப்பும் இனிப்புமாக நாக்கைச் சுண்டியது. எந்தக் கடையில் வாங்கியது என்று மார்லிஸ் கேட்டாள்.

"கடையில ஏது? நம்ம வேலியில காய்க்கிறதுதான். நாலு வருஷம் முன்னாடி இங்க குடிவந்தப்போ கனெக்டிகட்ல பிரெஸ்டனோட அப்பா வீட்டுலருந்து குச்சி வெட்டிட்டு வந்து நட்டோம். அங்க இதைப் பெப்பரிட்ஜ்னு சொல்லுவாங்க. அவருக்கு இந்த வேலின்னா உயிரு. யாரையும் தொட விடமாட்டாரு."

மார்லிஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, காற்று வாங்கப் போகிறவள் போல வடக்குப் பக்கம் நடந்தாள். ஒரு கிளையைப் பிடித்தாள். கணுவுக்குக் கணு மூன்று மூன்றாக முள். இலையைத் திருப்பினாள். அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் குண்டூசித் தலையளவு கிண்ணங்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. அடுத்த இலையிலும் இருந்தன. அதற்கடுத்ததிலும். வெட்ட வெட்டத் தளிர் விட்டுக்கொண்டே இருந்த வேலி. பூஞ்சைக்கு இளந்தளிர்தான் பிரியம். வேலியின் நீளம் அறுபதடி இருக்கும்.

இருபத்தாறு வருஷத்தில் அவள் அந்தக் கிண்ணங்களைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். அபூர்வப் பறவையைக் கண்டவள் போல மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அடுத்து சிரிப்பு வந்தது. பிஸ்கட்டைக் கடித்து அதை அமுக்கினாள். அப்புறம் கம்பளத்தில் மண்ணோடு கிடந்த கூஸ்பெரி ஞாபகம் வந்தது. சிரிப்பு போய்விட்டது. நான்கு இலைகளைக் கிள்ளிக் காகிதக் கைக்குட்டையில் மடித்துக் கைப்பையில் வைத்தாள். பின்னால் புல்வெளி நடுவில் விட்லாக், விவசாயிகளுக்குத் தங்கள் வீட்டுக் கொல்லையில் என்ன முளைத்திருக்கிறது என்றே தெரிவதில்லை என்று சங்கத் தலைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாம் 'வேலியே பயிரை மேய்ந்தால்' என்று பேச்சுக்குச் சொல்வோம். நார்டால்காரர்களிடம் அப்படி ஒரு பழமொழி கிடையாது. பழமொழி இல்லாத ஊரில் விஷயமே நேராக நடந்துவிடும் போலிருக்கிறது.

திங்கட்கிழமை மார்லிஸ் அவர் அறைக்குப் போய், ஒரு மாதிரி கிடைத்திருக்கிறது, பார்பெரி இலையிலிருந்தே எடுத்தது, கிடைத்த இடம் வந்து... என்று ஆரம்பித்தாள். விட்லாக் கையை உயர்த்தினார்.

"இடம் சொல்லாதீங்க மார்லிஸ். எண் மட்டும் போதும். இடம் தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும். நான்தானே இந்த விதியே போட்டேன்."

விதி அவருடையதுதான். அவள் இருநூற்றுப் பதினான்கு என்று எண் போட்டு, இடத்தைப் பதிவேட்டில் எழுதிப் பூட்டினாள்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. நூற்றெண்பது மாதிரிகளுக்கும் இருநூற்றுப் பதினான்கு நெருங்கிய சொந்தம். குடும்பம் கிளம்பிய வீடே இந்தச் செடிதான் என்று எழுத்துகள் சாட்சி சொல்லின. விட்லாக் முதல்முறையாகக் கண்ணாடிக் கூடத்துக்கு ஓடி வந்தார். எந்தக் கதவு என்று தெரியாமல் இரண்டு கதவைத் தட்டினார். ஜூலை வயல்விழாவில் ஊரறிய அறிவிக்கப்போவதாகச் சொன்னார். யாருடைய செடி என்று எல்லோருக்கும் தெரிந்தால்தான் மற்றவர்களுக்குப் புத்தி வரும் என்றார்.

மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "டாக்டர், அதுக்கு முன்னாடி இடத்தை ஒரு தடவை நீங்க பார்த்துடறது நல்லது."

"வேண்டாம். மேடையில நீங்களே வாசிங்க. எனக்கும் அப்பதான் தெரியணும். நான் யாரையும் குறி வைக்கலைன்னு ஜனங்க பார்க்கட்டும்."

"உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எனக்கு நல்லது அறிவியல்தான்."

வீட்டுக்குப் போய் யோசித்தாள். மறுநாள் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். இடம் தங்களைப் பாதிக்கக்கூடும், தயவுசெய்து பதிவேட்டைத் திறந்து பார்க்கவும் என்று பச்சையாகவே எழுதினாள். தங்கள் கருத்துக்கு நன்றி என்று அவருடைய உதவியாளரிடமிருந்து பதில் வந்தது. மூன்று தடவை சொல்லியாயிற்று. மனசாட்சிக்கு இது போதும் என்று பட்டது. நான்காவது தடவை சொல்லாததற்கு அவள் எந்தக் காரணமும் தேடவில்லை.

வயல்விழா ஆய்வகத்தின் டிராக்டர் கொட்டகையில் நடந்தது. தொண்ணூறு விவசாயிகள் வந்திருந்தார்கள். விதைக் கம்பெனித் தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு, காபிக் கோப்பையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெண்டலின் இரண்டாவது வரிசையில். விட்லாக் முக்கால் மணி நேரம் பேசினார். எழுத்துகள் பொய் சொல்லாது என்றார். சோம்பேறித்தனம் ஒருவர் வீட்டில் வளர்ந்தால் ஊரே அதன் விளைவை அறுக்கும் என்றார். பிறகு பெரிய திரையில் வரைபடத்தைத் திறந்து, மார்லிஸைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் வாசிக்க வாசிக்கத் தானே தட்டச்சு செய்து இடத்தைக் காட்டுவதாக ஏற்பாடு.

மார்லிஸ் எழுந்து பதிவேட்டைப் பிரித்தாள். 

"மாதிரி எண் இருநூற்றுப் பதினான்கு. எடுத்த தேதி ஜூன் பதினேழு. செடி, சாதாரண பார்பெரி. இடம், நார்டால், மெடோலார்க் தெரு, எண் நாற்பது, வடக்குப் பக்க வேலி."

விட்லாக்கின் விரல் பழக்கத்தில் ஓடியது. தெருப் பெயரை அடித்தார். நாற்பதை அடித்தார். அடித்த பிறகுதான் தலை நிமிர்ந்தது. அதற்குள் வரைபடம் மேகத்திலிருந்து இறங்குவது போல இறங்கி, ஊரைத் தாண்டி, கடைசி வீட்டுக் கூரையின்மேல் வந்து நின்றது. அவருடைய பச்சை நிறக் கார் வாசலில் நின்றிருந்தது. வேலி நூல் பிடித்தாற்போல நேராகத் தெரிந்தது.

"அது யாரு வீடும்மா?" என்று வெண்டலின் கேட்டார். அது புதுத் தெரு. பல பேருக்குத் தெரியாது.

மார்லிஸ் விட்லாக் பக்கம் திரும்பினாள். சொல்ல வேண்டியவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது... எங்க வீட்டுப் பெப்பரிட்ஜ்" என்றார் விட்லாக்.

"அதுவும் பார்பெரியும் ஒண்ணுதான் டாக்டர்" என்றாள் மார்லிஸ்.

யாரும் சிரிக்கவில்லை. நார்டால்காரர்கள் முகத்துக்கு நேராகச் சிரிக்க மாட்டார்கள். பின்வரிசையில் ஒருவர், "இது கொஞ்சம் வேற மாதிரிதான் இருக்கு" என்றார். அந்தப் பக்கத்தில் அதைவிடக் கடுமையான வசவு கிடையாது. பிறகு எல்லோரும் எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, பன் தீர்வதற்குள் சாப்பிடப் போனார்கள். விட்லாக் மைக்கைப் பிடித்து, ஒரு விஞ்ஞானி தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொள்ளும் துணிச்சல் பற்றி ஏதோ ஆரம்பித்தார். கேட்க ஆள் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மெடோலார்க் தெருவில் ஆறு பிக்கப் வண்டிகள் வந்து நின்றன. மண்வெட்டி, சங்கிலி, மாட்டுக்குப் போடும் உப்பு பதினைந்து மூட்டை. அக்கம்பக்கத்தில் இடி விழுந்தால் உதவிக்கு வருவது போலவே வந்தார்கள். ஒருத்தர் மனைவி கொடுத்தனுப்பிய ஹாட்டிஷ், அதாவது கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட சாப்பாடு, ஒரு பாத்திரம்கூட இருந்தது. செலெஸ்ட் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். அவளுக்குத்தான் பாவம், ஜெல்லி போச்சே என்று இருந்தது.

விட்லாக் வாசலுக்கு வந்து, ஆராய்ச்சிக்காக ஒரு செடியையாவது வலைக்கூண்டு போட்டு வைக்கலாமே என்றார். வெண்டலின் சங்கிலியை வேரடியில் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அதுக்கு ஒரு படிவம் இருக்கும். நிரப்பிக் குடுங்க டாக்டரே."

பத்து மணிக்குள் அறுபதடி வேலியும் வண்டியில் ஏறியது. குழிகளில் உப்பைக் கொட்டினார்கள். அந்த மண்ணில் பல வருஷத்துக்குப் புல்லுகூட முளைக்காது.

இவ்வளவுக்கும் பிறகு விட்லாக்கின் தலை கவிழ்ந்திருக்கும் என்று நினைப்பவர்களுக்கு உத்தியோக உலகம் தெரியாது. அடுத்த பனிக்காலத்தில் பெரிய பத்திரிகை ஒன்றில் கட்டுரை வந்தது. 'குடியிருப்புப் பகுதியின் அலங்காரத் தாவரம்' என்று அதில் இருந்தது. யார் குடியிருப்பு என்று இல்லை. மூன்று நாடுகளில் பேசக் கூப்பிட்டார்கள். எதிர்பாராத இடங்களில் தேடும் கண் அவருக்கு இருப்பதாக அறிமுகம் செய்தார்கள். கட்டுரைக் கடைசியில் நன்றி சொல்லும் வரியில் மார்லிஸின் பெயரும் இருந்தது. ட்வைட் என்பது ட்வீட் என்று அச்சாகியிருந்தது.

அவள் அதைத் திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை. அந்தப் பூஞ்சையை உலகப் பொதுச் சேமிப்பில் பதியும் வேலை அவளுடையது. எடுத்த இடத்தின் உரிமையாளர் பெயரால் பதிவதுதான் ஆய்வகத்தின் பழைய வழக்கம். வழக்கத்தை அவள் மீறவில்லை. 'விட்லாக்-214' என்று பதிந்துவிட்டாள். எதியோப்பியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் இப்போது அவருக்கு மின்னஞ்சல் வருகிறதாம், விட்லாக் எங்கள் கோதுமையைத் தாக்குமா என்று கேட்டு. பெயரை மாற்றக் கேட்டுப் பார்த்தார். ஒரு முறை பதிந்தால் பதிந்ததுதான் என்று பதில் வந்தது.

அடுத்த கோடையில் மார்லிஸ் வழக்கம்போல வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பத்து நாள் சுற்றியும் உறை நிறையவில்லை. தண்டுகள் சுத்தமாக இருந்தன. ஆனால் மே கடைசியிலிருந்து ஒரு பொட்டு மழை இல்லை. ஈரம் இல்லாவிட்டால் துருவும் முளைக்காது. வேலியை எடுத்ததால் போனதா, வெயிலால் போனதா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அவள் அட்டவணையில் மழை அளவுக்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தாள். அச்சில் வந்த ஆண்டறிக்கையில் அந்தக் கட்டம் இல்லை. ஆய்வகத்தின் நடவடிக்கையால் துருநோய் எண்பது சதவீதம் குறைந்தது என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

ஆகஸ்டில் தானியக் கிடங்கு வாசலில் வெண்டலின் அவளைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். அறிக்கை அவருக்கும் தபாலில் போயிருந்தது.

"ஏம்மா, துருவை ஒழிச்சுட்டாராமே உங்க டாக்டர்?"

"மழையையும் சேர்த்து ஒழிச்சுட்டாரு."

வெண்டலின் வண்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வழக்கமாக மூன்று நடை ஓட்டும் தானியம், இந்த வருஷம் ஒரு நடையிலேயே அடங்கிவிட்டது. அவள் ஏறிப் பார்த்து ஒரு கைப்பிடி அள்ளினாள். மணி சின்னதாகத்தான் இருந்தது, ஆனால் கெட்டியாக இருந்தது. சுருக்கம் இல்லை. அதைச் சொன்னாள். அவர் "அப்படியா" என்றார். இந்தத் தடவை அந்த வார்த்தையில் கோபம் இல்லை. கிடங்குக்காரன் கை காட்ட, வண்டியை எடைமேடைக்கு மெதுவாக ஏற்றினார்.